சாம்பிராணி குடித்த வண்டி

லைன் வீடுகளில் எல்லார் வீட்டு விளக்கும் கிழக்கே பார்த்துத்தான் எரியும். மயிலாத்தாளின் மகன் திருமூர்த்தி தன் காருக்கு மாட்டிய பெரிய டர்போ ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, அவன் சாவியைத் திருப்பி வண்டியை முடுக்கின நேரமெல்லாம் அத்தனை வீட்டுச் சுடரும் அவனுடைய ஷெட்டைப் பார்த்துத் தலை சாய்த்து எரிந்தது. அதற்காக யாரும் பூசாரியையும் கூப்பிடவில்லை, இன்ஜினியரையும் கூப்பிடவில்லை. “தம்பி வண்டி எடுக்கறானாட்ட இருக்குது” என்று சொல்லிவிட்டு, சுடர் நிமிர்கிற வரைக்கும் உள்ளங்கையை அண்டக் கொடுத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

மயிலாத்தாளுக்கு மட்டும் அப்படி நிற்க முடியவில்லை. பழைய நூல்மில்லுக்குப் பின்னால் ஒட்டி ஒட்டிக் கட்டிய அந்த லைன் வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்தாள். அங்கேதான் திருமூர்த்தியையும் தாரணியையும் பெற்றாள். அங்கேதான், பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து படிந்து மூச்சுப் போதாமல் கிடந்த புருசனை, தலைமாட்டில் உட்கார்ந்து விசிறி விசிறி அனுப்பிவைத்தாள். மூச்சு வேண்டும் என்று ஒரு உடம்பு கேட்கிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதே சத்தத்தைத்தான் அவள் மகனுடைய காரின் முன்வாயிலும் கேட்டாள்.

அது ஆரம்பித்த கதை இப்படி.

திருமூர்த்தி வைத்திருந்தது ரோட்டில் ஓடுகிற சாதாரண வண்டிதான், மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய் வருகிற சின்னக் கார், பிறக்கும்போதே சின்னதாக ஒரு டர்போவோடு பிறந்தது. டர்போ என்றால் என்ன சாமி என்று அவள் கேட்டதற்கு, “வண்டி விடற புகையே உள்ளுக்குள்ள ஒரு காத்தாடியச் சுத்தும்ங்கம்மா, அந்தக் காத்தாடி வெளிக் காத்த இழுத்து இன்ஜினுக்குள்ள திணிக்கும். நீங்க அடுப்புல ஊதாங்குழல் வெச்சு ஊதுனா தீ எந்திரிக்குதுல்ல, அதேதான்” என்று சொன்னான். எவ்வளவு காற்றோ அவ்வளவு வேகம். அவனுக்கு அந்தச் சின்னக் காத்தாடி போதவில்லை. பெரியது வாங்கி மாட்டினான். இழுத்த காற்றைக் குளிரவைக்க முன்னால் அகலமாக ஒரு இன்டர்கூலர் வைத்தான், அது வைத்ததும் வண்டிக்கு வாய் பிளந்த மாதிரி முகமே மாறிப்போனது. கனம் குறையட்டும் என்று பின்சீட்டைக் கழற்றி வீட்டு நடையில் போட்டான், அதில்தான் பக்கத்து வீட்டுக் கோமளம் வந்து உட்கார்ந்து கீரை ஆய்வாள். ஊருக்குத் தெற்கே ரேஸ் மைதானத்தில் வருசத்துக்கு ஒருமுறை நடக்கிற போட்டி வந்துகொண்டிருந்தது. காலையில் வளைவுகளில் சுற்றி வருகிற ஓட்டம், மத்தியானம் நேர் ரோட்டில் ஒரே மூச்சில் பாய்கிற ஓட்டம். இரண்டிலும் ஒரே வண்டியை ஓட்டி ஜெயிக்க வேண்டும் என்று அவன் நாட்கணக்காக ஷெட்டில் கிடந்தான்.

ஆனால் எங்கேயோ காற்று கசிந்தது. மீட்டரில் முள் பாதி வரைக்கும் ஏறும், அப்புறம் மனசில்லாத ஆள் மாதிரி இறங்கிவிடும். கசிவைக் கண்டுபிடிக்கக் குழாய்க்குள் புகை விட்டுப் பார்ப்பார்கள். எந்த மூட்டிலிருந்து புகை வருகிறதோ அங்கே ஓட்டை. பெரிய கடைகளில் அதற்கு மெஷின் உண்டு. திருமூர்த்தியிடம் அம்மா இருந்தாள்.

லைனில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி மயிலாத்தாளின் கைதான். கொட்டாங்குச்சிக் கரியைக் கனியவைத்து, மில்லிலிருந்து புருசன் கொண்டுவந்த இரும்புக் குழாயையே ஊதாங்குழலாக வைத்து ஊதி, சாம்பிராணியைத் தூவி, முதலில் தன் வீட்டு முருகனுக்குக் காட்டுவாள். அப்புறம் அந்தத் தூபக்காலோடு ஒவ்வொரு வீடாக நுழைந்து மூலை முடுக்கெல்லாம் காட்டிவிட்டு வருவாள். வேதக்காரர் வீடு என்று ஒதுக்குவதில்லை; பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிற மரியதாஸ் வீட்டில் மாதா படத்துக்கும் ஒரு சுற்று உண்டு. சாமிக்குக் காட்டாமல் அவள் எதற்கும் காட்டியதில்லை. அன்றைக்குத்தான் காட்டினாள்.

“அம்மா, அந்தத் தூபக்கால இப்படிக் கொண்டாங்க.”

“சாமிக்குக் காட்டிட்டு வந்தர்றேன் கண்ணு.”

“அதுக்குள்ள புகை அடங்கிரும். ஒரே நிமிசம்ங்கம்மா. சாமி எங்க போயிரப் போகுது?”

அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. அப்பன் இல்லாமல் வளர்ந்த பையன், வாய்விட்டு ஒன்று கேட்டுவிட்டால் அவளால் மறுக்க முடியாது. தூபக்காலை வண்டியின் வாய்க்கு நேரே பிடித்து, ஊதாங்குழலை உதட்டில் வைத்து, புகை முழுக்க உள்ளே போகிற மாதிரி நீளமாக ஊதினாள். ஊதுகிறபோது மனசுக்குள், ‘முருகா, இது நல்லா ஓடோணும், என்ற மூச்சு பூரா இதுக்கு இருக்கட்டும்’ என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளைகளுக்காக அம்மாக்கள் எந்நேரமும் சொல்லிக்கொண்டேயிருக்கிற வார்த்தைதான். அடியில் ஒரு மூட்டிலிருந்து நூல் மாதிரிப் புகை வந்தது. அவன் ஓடிப்போய்க் கிளாம்பை இறுக்கினான். சாவியைத் திருப்பினான். தூபக்காலில் மிச்சமிருந்த புகையை ஒரு இழை விடாமல் வண்டி உறிஞ்சிக்கொண்டது, கங்கு சிவந்து எரிந்தது, மீட்டரில் முள் மேலே போய் அங்கேயே நின்றது.

“பாத்தீங்களா!” என்று அவன் அவளைக் கட்டிப்பிடித்தான்.

அதே கங்கில் மறுபடி சாம்பிராணி தூவி, சாமிக்குக் காட்டிவிட்டு, எப்போதும் போல வீடு வீடாகப் போனாள். கடைசியில், பிரசவத்துக்கு வந்து எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்த தாரணியின் கூந்தலை விரித்து, அதற்கும் அந்தப் புகையையே காட்டி ஆற்றிவிட்டாள். வயிற்றுப் பாரத்தோடு தாரணி கண்ணை மூடிக்கொண்டு, “நல்லா மணக்குதும்மா” என்றாள்.

அன்றிலிருந்துதான் விளக்குகள் சாய்ந்தன.

முதலில் விளக்கு, அப்புறம் குக்கர். திருமூர்த்தி வண்டியை முடுக்கினால் கோமளத்தின் குக்கர் விசில் வருகிற நேரத்தில் வராமல் உள்ளுக்குள்ளேயே முனகும். அப்புறம் ஆட்கள். வண்டி சத்தம் ஏற ஏற, லைனில் இருந்தவர்களுக்கெல்லாம் மலைப்படி ஏறின மாதிரி மூச்சு இரைத்தது, ஒரு கை சுவரைத் தேடியது, பேச்சு பாதியில் நின்றது. வண்டி அடங்கினதும் எல்லாம் சரியாகிவிட்டது. பேசினவர்கள் விட்ட இடத்திலிருந்து பேசினார்கள். குழாயடியில் கோமளமும் மரியதாஸின் பெண்சாதியும் குடத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில் வண்டி எடுத்துவிட்டால், இரண்டு பேரும் வாயைத் திறந்தது திறந்தபடி ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். வண்டி நின்றதும் கோமளம், “-ங்கிறதுக்கு உனக்கு என்னடி யோக்கியதை” என்று அந்த வாக்கியத்தின் வாலைப் பிடித்து முடித்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள்.

“டேய் திருமூர்த்தி, என்ற பருப்பு வேகறதுக்குள்ள உன்ற வண்டி வெந்துருமாட்ட இருக்குது. எடுக்கறதுக்கு முன்னால ஒரு குரல் குடுடா!” என்று கோமளம் ஒருநாள் கத்தினாள்.

அதிலிருந்து அவன் எடுப்பதற்கு முன்னால் ஹாரன் அடித்தான். ஹாரன் கேட்டதும் பெண்கள் அடுப்பைத் தணித்தார்கள், படியேறிக்கொண்டிருந்தவர்கள் படியிலேயே உட்கார்ந்தார்கள், பாடம் ஒப்பித்த பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள். ஊர் எதற்குத்தான் பழகாது. மில் ஓடின காலத்தில் தூசிக்குப் பழகினார்கள், மில் நின்ற காலத்தில் சும்மா இருப்பதற்கும் பழகினார்கள், இதற்குப் பழக மாட்டார்களா. பழகினது மட்டுமில்லை, பெருமையாகவும் ஆகிவிட்டது. பைபாஸில் எந்த வண்டியும் திருமூர்த்தி வண்டி பக்கத்தில் நிற்க முடியவில்லை என்று செய்தி வந்ததும், பொடிசுகளும் பெரிசுகளும் சேர்ந்து பின்கண்ணாடியில் ‘எங்க மூச்சு’ என்று எழுதி ஒட்டினார்கள். வேலைக்குப் போகிறவர்கள்கூட, ஹாரன் கேட்டால், நம்முடையதும் கொஞ்சம் போகட்டும் என்று ஷெட் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

மரியதாஸ் மட்டும் ஒருநாள் டிரம்பெட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வந்தார்.

“நான் ஊதிப் பொழைக்கறவன் தம்பி. நேத்து பொள்ளாச்சியில கல்யாண ஊர்வலம். பாட்டு பாதியில என்ற காத்து காணாமப் போச்சு. மாப்பிள்ள குதிரை மேல உக்காந்துட்டு என்னயவே பாக்கறாரு, குதிரையும் என்னயவே பாக்குது. நேத்து சாயங்காலம் வண்டி எடுத்தியா?”

“எடுத்தேன்ங்ணா. ஆனா பொள்ளாச்சி எங்க, இது எங்க?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

மரியதாஸுக்கு வயசாகிவிட்டது என்று லைனில் சொல்லிக்கொண்டார்கள். மயிலாத்தாள் மட்டும் தூபக்காலை எடுத்துத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பொள்ளாச்சிக்குப் போன மூச்சையும் அந்த வாய் தேடிப் பிடித்திருக்கிறது என்றால், அது இடத்தைப் பார்த்து இழுக்கவில்லை, அந்தப் புகை பட்ட ஆளைப் பார்த்து இழுக்கிறது. சாமிக்கு முன்னால் பசித்த ஒன்றுக்குப் படையல் போட்டுவிட்டு, அதன் பிறகு அதே கங்கை ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தான்.

அன்றைக்கே அவள் தாரணியின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உள்ளே பிள்ளை மீன் மாதிரித் துள்ளிக்கொண்டிருந்தது. ஹாரன் கேட்டது. வண்டி உறுமியது. கைக்கடியில் துள்ளல் நின்றது. சுடர் சாய்ந்து எரிகிற வரைக்கும் அந்த வயிறு கல்லாக இருந்தது. வண்டி அடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான், தயங்கித் தயங்கி, ஒரு அசைவு வந்தது.

“எப்பவும் இப்படித்தாம்மா,” என்றாள் தாரணி. “அண்ணன் வண்டி எடுத்தா பாப்பா தூங்கிரும்.”

மயிலாத்தாள் எழுந்து ஷெட்டுக்குப் போனாள். திருமூர்த்தி மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, “அம்மா, இதப் பாருங்க, ஞாயித்துக்கிழம எல்லாரும் வீட்டுல இருக்கறப்ப முள்ளு இன்னும் மேல ஏறுது” என்று சொல்ல ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வெட்கப்பட்டு நிறுத்தினான்.

“பாப்பா துள்ளறது நிக்குது சாமி. நீ வண்டி எடுக்கறப்பவெல்லாம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்ட பையன் இல்லை. தங்கச்சி என்றால் உயிர். “இந்தப் போட்டி மட்டும்ங்கம்மா. ஒரு ரேஸ் டீம்காரங்க பாக்க வர்றாங்க. புடிச்சிருந்தா அவங்க வண்டியெல்லாம் தயார் பண்ற வேலை எனக்கு. அப்பறம் இந்த டர்போவ கழட்டி உங்க கையிலயே குடுத்தர்றேன். அதுவரைக்கும் இங்க எடுக்கவே மாட்டேன், போதுமா? மைதானத்துலதான ஓட்டப் போறேன், அவ்வளவு தூரத்துல இருந்து இங்க என்ன பண்ணிரும்?”

“மரியதாஸண்ணனுக்குப் பொள்ளாச்சியில வெச்சே காத்துப் போச்சு.”

அவன் லேப்டாப்பை மூடிக்கொண்டே, “தாரணிக்கு இன்னும் நாள் இருக்குதுங்கம்மா. போட்டி முன்னாடியே முடிஞ்சிரும்” என்றான்.

அவள் வண்டியைப் பார்த்தாள். சாவி போடாத வண்டி, அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நின்றது.

போட்டிக்குக் கிளம்பின காலையில் லைனே திரண்டு வந்து பூசணிக்காய் சுற்றி உடைத்தது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது, மரியதாஸ்கூட மனசு கேட்காமல் வந்து டிரம்பெட்டில் ஒரு பாட்டு வாசித்து அனுப்பினார். வண்டி முக்குத் திரும்பினதும் தாரணிக்கு இடுப்பில் வலி எடுத்தது. நாள் இருக்கிறது, சூட்டு வலிதான் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள். பனிக்குடம் உடைந்ததும் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். லைனில் ஒரு வீட்டுப் பிரசவம் என்றால் எல்லார் வீட்டுப் பிரசவம், ஆகையால் ஆட்டோக்களுக்குப் பின்னால் பஸ் ஏறியும் நடந்தும் பாதி லைன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் காலை முழுக்கத் தாரணிக்கு வலி வந்து வந்து நின்றது. மைதானத்தில் திருமூர்த்தி வளைவுகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். நேர்வழியில் அவன் மிதிக்க மிதிக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜனம் சுவரைப் பிடித்துக்கொண்டது, வளைவில் அவன் மிதியை விட்டதும் பெருமூச்சு விட்டது. எல்லாரும் ஒரே சமயத்தில் இழுத்து ஒரே சமயத்தில் விடுவதைப் பார்த்த நர்ஸம்மா, “நீங்கெல்லாம் ஒரே குடும்பமா?” என்று கேட்டாள். “ஆமாங்” என்றாள் கோமளம், மூச்சு வந்த பிறகு.

மத்தியானம் மைதானத்தில் சாப்பாட்டு நேரம். வலி விடாமல் வந்தது. தலைமாட்டில் நின்ற மயிலாத்தாள் மகளின் நெற்றியில் திருநீறு பூசி, ‘கந்தா, அவன் சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள குடுத்துரு, கந்தா, அவன் கை கழுவறதுக்குள்ள குடுத்துரு’ என்று வேண்டிக்கொண்டே இருந்தாள். வாசலுக்கு வெளியே, கோமளம் திருமூர்த்தியின் கூட்டாளி ரஃபீக்கோடு போனில் கத்துவது கேட்டது. “நிறுத்தச் சொல்லுடா! தாரணிக்கு ஆகப்போகுது, நிறுத்தச் சொல்லு!” பதிலுக்கு ஸ்பீக்கரில் ரஃபீக்கின் குரல்: “ஹெல்மெட் மாட்டிட்டான்ங்கக்கா, ஸ்டார்ட் பண்ற கோட்டுல நிக்கறான், நான் கத்தறது அவனுக்குக் கேக்காது…” அதற்கு மேல் கேட்கவிடாமல் ஒரு உறுமல் ஏறியது.

பிள்ளை பிறந்தது. பெண். கை கால் எல்லாம் சுத்தமாக, தலை நிறைய முடியோடு.

அழவில்லை.

நர்ஸம்மா காலைப் பிடித்துத் தட்டினாள், முதுகைத் தேய்த்தாள், டாக்டரம்மா குழாய் வைத்து உறிஞ்சினாள். பிள்ளையின் வாய் திறந்து திறந்து மூடியது. மயிலாத்தாள் அந்த வாயைப் பார்த்தாள், புருசனின் வாயைப் பார்த்த மாதிரியே இருந்தது. வராந்தாவில் ஒரு சத்தம் இல்லை. அத்தனை பேரும் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போனில் மட்டும் வண்டி ஏறி, ஏறி, இன்னும் ஏறி, அப்புறம் முடிவுக் கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், அவன் மிதியை விட்டான். மிதியை விட்டதும் டர்போவில் அடைபட்ட காற்றை வண்டி வெளியே விடும். ‘ஸ்ஸ்ஸ்பூ’ என்று அது விட்டது போனில் கேட்டது. அதே நொடியில் பிள்ளை வீறிட்டு அழுதது.

வராந்தா முழுக்க மூச்சு விட்டது. கோமளம் அழுதாள், மரியதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். தாரணி, “குடுங்க, குடுங்க” என்று கையை நீட்டினாள். நீட்டின கைக்குப் போய்ச் சேருவதற்குள் அழுகை பாதியில் அறுந்தது. பிள்ளை மறுபடி நீலம் பாய்ந்தது.

மயிலாத்தாள் வெளியே ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். ரஃபீக் போனோடு வண்டிக்கு ஓடிப் போயிருந்தான் போல, அந்தப் பக்கம் விசிலும் கைதட்டலும் திருமூர்த்தியின் சிரிப்பும். “ஜெயிச்சுட்டேன்ங்கம்மா!”

“இப்ப என்ன பண்ணுன?”

“என்னங்கம்மா?”

“இப்ப, இந்த நிமிசம், வண்டிய என்ன பண்ணுன?”

“ஓட்டம் முடிஞ்சுது, ஆஃப் பண்ணுனேன்…”

“சாவியப் போடு கண்ணு. ஒண்ணும் கேக்காத. போடு.”

அவன் போட்டான். உள்ளே பிள்ளை அழுதது.

பிள்ளையின் முதல் மூச்சை வண்டி குடித்துவிட்டது, குடித்ததை உள்ளேயே வைத்துக்கொண்டு, இன்ஜின் உயிரோடு இருக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது என்பதை லைன் ஜனம் விளக்கம் கேட்காமலே புரிந்துகொண்டது. திருமூர்த்தி இன்ஜினை நிறுத்தாமல், மிதிக்காமல், எருமை நடக்கிற மாதிரி வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓட்டிவந்தான். தாரணி வீட்டுக்கு வந்தபோது வண்டியும் பின்னாலேயே வந்து, வாசலுக்கு நேரே நின்றது. மிதிக்காமல் முனகிக்கொண்டு சும்மா நிற்கிற வண்டி யார் மூச்சையும் இழுக்கவில்லை. விளக்குகள் நேராக எரிந்தன, குக்கர்கள் விசிலடித்தன. அதனால் இதற்கும் பழகிக்கொண்டார்கள். பெட்ரோல் தீரத் தீர முறை வைத்துக் கேனில் கொண்டுவந்து ஊற்றினார்கள், சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள், பக்கத்தில் பீடி குடிக்கப்போன ஆளை எல்லாருமாகச் சேர்ந்து திட்டினார்கள். வண்டி முனகுகிற தாளத்துக்கே லைன் தூங்கியது, அதே தாளத்துக்குப் பிள்ளையின் நெஞ்சும் ஏறி இறங்கியது. டீம்காரர்கள் கூப்பிட்டார்கள். “வர முடியாதுங், வண்டி ஓடிட்டு இருக்குது” என்று திருமூர்த்தி சொன்னான். அத்தனை வேகம் வேண்டுமென்று அலைந்தவன், நகராத வண்டியில் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தான்.

ஒருநாள் காலை அவன் அம்மாவிடம் வந்து நின்றான். சின்ன வயசில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கிற மாதிரி நின்றான்.

“சத்தம் மாறுதுங்கம்மா. ஆயில் செத்துப்போச்சு. மாத்தோணும். மாத்தலைன்னா இன்ஜின் சிக்கி அதுவா நின்னுரும், அப்பறம் எப்பவும் எந்திரிக்காது.”

“மாத்து சாமி.”

“நிறுத்தாம மாத்த முடியாதுங்கம்மா.”

மயிலாத்தாள் கொஞ்ச நேரம் முருகன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அடுக்களைக்குப் போய் ஊதாங்குழலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். “தாரணி, பாப்பாவத் தூக்கிட்டு வா” என்றாள். லைன் ஜனம் ஒவ்வொருவராக வெளியே வந்து வண்டியைச் சுற்றி நின்றது.

“நான் ஊதித்தான அது குடிக்கப் பழகுச்சு,” என்றாள். “முதப் படையல் போட்டவ நானு. திருப்பிக் கேட்டா எனக்குக் குடுக்கும். நான் கையக் காட்டுனதும் சாவியத் திருப்பு கண்ணு.”

“அம்மா, வேண்டாங்கம்மா…”

“உங்கப்பன ஒருத்தர உக்காந்து பாத்தது போதும் எனக்கு.”

வண்டியின் வாயில் குழலை நுழைத்து, மறுமுனையை உதட்டில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கையைக் காட்டினாள். இன்ஜின் நின்றது, தாரணியின் கையில் பிள்ளை விறைத்தது, மயிலாத்தாள் இழுத்தாள். சாம்பிராணி வாசம் வந்தது முதலில். அப்புறம் கோமளத்தின் பருப்பு வாசம், மரியதாஸின் டிரம்பெட்டுப் பித்தளை வாசம், குழாயடி ஈரம், ஒப்பிக்காமல் விட்ட பாடம், பாதியில் நின்ற வசவு, இப்படி லைனிலிருந்து போனதெல்லாம் குளிர்ந்து குளிர்ந்து அவள் நெஞ்சுக்குள் இறங்கியது. இழுத்துக்கொண்டே இருந்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, கடைசியில், பால் வாசத்தோடு, விரல்கடை அளவுக்கு ஒன்று வந்தது. குழலை விட்டுவிட்டுத் திரும்பிப் பிள்ளையின் உச்சந்தலையில் அதை மெள்ள ஊதினாள்.

பிள்ளை தும்மியது. அப்புறம் அழுதது. வண்டி நின்றிருந்தது, பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.

அன்றைக்கு லைனில் பாயசம் வைத்தார்கள். திருமூர்த்தி டர்போவைக் கழற்றிக் கொண்டுவந்து, சொன்ன மாதிரியே அம்மா கையில் கொடுத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் இரும்பு. காதில் வைத்துக் கேட்டாள். அதில் ஒன்றும் இல்லை. அதிலிருந்த மூச்சையெல்லாம் அவள் உறிஞ்சி எடுத்துவிட்டாள். அதற்கு இருந்த பசி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் குளித்துவிட்டு வந்து முருகனுக்கு விளக்கேற்றினாள். கிழக்கே பார்த்து நேராக நின்ற சுடர், அவள் கும்பிடக் குனிந்ததும், மெல்லத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தது. அவள் பின்னால் நகர்ந்தாள். சுடர் நிமிர்ந்தது. முன்னால் வந்தாள். சாய்ந்தது.

“அம்மா,” என்று தாரணி பிள்ளையோடு உள்ளே வந்தாள். “கொஞ்சம் புடிங்க பாப்பாவ, நான் குளிச்சுட்டு வந்தர்றேன்.”

மயிலாத்தாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அங்கயே கெடத்து சாமி.”

“ஏம்மா, இன்னிக்கு என்ன, தூக்க மாட்டேங்கறீங்க?”

பக்கத்து வீட்டில் கோமளத்தின் குக்கர், விசில் வருகிற நேரத்தில், உள்ளுக்குள்ளேயே முனகியது. அப்புறம் கோமளத்தின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. “திருமூர்த்தி… வண்டி எடுக்கறியாடா?”

“இல்லீங்கத்த,” என்று வாசலிலிருந்து அவன் சொன்னான். “சாவி என்ற கையிலதான் இருக்குது.”

மயிலாத்தாள் முந்தானையைச் சுருட்டி வாயில் பொத்திக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், மூச்சை அடக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக இறங்கி நடந்தாள். அவள் தாண்டிப் போன வீட்டு விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. அவள் நடையை எட்டிப் போட்டாள்.